வாசகர் கேள்வி – பதில்: ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறக்காதபோது

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. இணைப்புக் கொடுத்தவர் கீழ்த்தளத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிச் சென்றார். மாடிக்கு வைஃபை எட்டாததால் நாங்களே ஒரு ரவுட்டர் வாங்கி, அந்தப் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் வைத்தோம். மாடியில் குடியிருந்தவர்கள் இப்போது எதிர்வீட்டுக்குப் போய்விட்டதால், மாடி வைஃபையின் கடவுச்சொல்லை மாற்ற விரும்புகிறேன். கைப்பேசியில் 192.168.1.1 என்று போட்டால் ஒரு பக்கம் திறக்கிறது. ஆனால் அதில் மாடி வைஃபையின் பெயரே இல்லை. ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் 192.168.0.1 என்ற எண்ணைப் போட்டால், நெடுநேரம் சுற்றிவிட்டுப் பக்கம் கிடைக்கவில்லை என்று வருகிறது. ரவுட்டர் பழுதாகிவிட்டதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ரவுட்டர் பழுதாகவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் கீழ்த்தளத்து வைஃபையில் இணைந்திருந்த கைப்பேசியிலிருந்து முயன்றிருக்கிறீர்கள். மாடிக்குச் சென்று, கைப்பேசியை மாடி வைஃபையில் இணைத்துவிட்டு அதே 192.168.0.1 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பவை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு வலையமைப்புகள். உங்கள் ஊரின் பழைய வீடுகளில் முதற்கட்டு, இரண்டாம் கட்டு என்று இருப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டில் இருப்பவர் முதற்கட்டின் வழியாகத்தான் தெருவுக்குப் போக வேண்டும். ஆகவே அவருக்கு முதற்கட்டு எப்போதும் தெரியும். ஆனால் இரண்டாம் கட்டின் கதவு உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தால், முதற்கட்டில் நிற்பவரால் உள்ளே போக முடியாது. சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டி முதற்கட்டு; மாடி ரவுட்டர் இரண்டாம் கட்டு. மாடி வைஃபையில் இருக்கும்போது இரண்டு பெட்டிகளின் பக்கங்களும் திறக்கும். கீழ் வைஃபையில் இருக்கும்போது வெள்ளைப் பெட்டியின் பக்கம் மட்டுமே திறக்கும்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் தனிப்பட்ட வலையமைப்புகளின் பயன்பாட்டுக்கென்று 1996-ஆம் ஆண்டின் இணையத் தரநிலை ஆவணம் ஒன்றிலேயே ஒதுக்கப்பட்டவை. ஆகவே ஒரே எண் எண்ணற்ற வீடுகளில் இருக்கலாம். உங்கள் வீட்டில் எது என்பதை உங்கள் கருவிதான் சொல்ல முடியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அமைப்புக்குள் சென்று, இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் ‘கேட்வே’ என்ற வரி இருக்கும். ஐபோனில் வைஃபை பெயருக்கு அருகிலுள்ள வட்டத்தைத் தொட்டால் ‘ரவுட்டர்’ என்ற வரி தெரியும். விண்டோஸ் கணினியில் சி.எம்.டி. என்ற மூன்று எழுத்துகளைத் தேடித் திறந்து, வரும் கறுப்புத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்ற கட்டளையை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், ‘டிஃபால்ட் கேட்வே’ என்பதற்கு எதிரே அந்த எண் வந்து நிற்கும். நீங்கள் அந்த நேரத்தில் இணைந்திருக்கும் பெட்டியின் முகவரி அதுதான்.

அந்த எண்ணைப் போட்டும் மாடியில் பக்கம் திறக்கவில்லையென்றால் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். வைஃபையில் இணையம் வராதபோது கைப்பேசி தானாகவே சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிவிடுவது உண்டு. அப்போது உங்கள் வேண்டுகோள் வீட்டுக்குள் போகாமல் கோபுரத்துக்குப் போய்விடும். ஆகவே மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு முயலுங்கள். உங்கள் இணையப் போக்குவரத்தை வெளியிலுள்ள வேறொரு கணினியின் வழியாக அனுப்பும் வி.பி.என். செயலி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். விருந்தினருக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் பெரும்பாலான ரவுட்டர்கள் அமைப்புப் பக்கத்தைக் காட்டுவதில்லை. எண்ணைத் தேடல் பெட்டியில் இடாமல், உலாவியின் முகவரிப் பட்டையில் இட வேண்டும். ஒன்று என்ற எண்ணுக்குப் பதிலாக அதைப்போலவே தோன்றும் ஆங்கில எழுத்து விழுந்திருந்தாலும் பக்கம் வராது. சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பிழையால் ஒரு மணி நேரத்தை இழந்தவர்களை நான் அறிவேன்.

ஐபிகான்ஃபிக் கட்டளையில் உங்கள் கணினியின் முகவரியே 169.254 என்று தொடங்கினால், பெட்டி உங்களுக்கு முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த நிலையில் எந்த எண்ணைப் போட்டும் பயனில்லை. கேபிளைச் சரிபார்த்து, பெட்டியை அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

மாடி ரவுட்டரைச் சிலர் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில், அதாவது தனி வலையமைப்பு உண்டாக்காமல் வைஃபையை மட்டும் தரும் முறையில், மாற்றி வைத்திருப்பார்கள். அப்போது வீட்டில் கட்டுகள் இரண்டல்ல, ஒன்றே. மாடி ரவுட்டரும் மற்றக் கருவிகளைப் போலவே வெள்ளைப் பெட்டியிடம் முகவரி பெற்றுக்கொள்ளும் என்பதால், அடியில் அச்சிட்ட எண் செல்லாது. வெள்ளைப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் ரவுட்டரின் பெயரைத் தேடினால் அதன் இப்போதைய முகவரி கிடைக்கும்.

கேள்வி: பக்கம் திறக்கிறது, ஆனால் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. வைஃபைக்குப் போடும் கடவுச்சொல்லையே போட்டுப் பார்த்தேன். பெட்டியின் பின்புறம் ஊசித் துளை ஒன்று இருக்கிறது, அதில் குத்தினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். குத்தலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

பதில்: ஐயா, தயவுசெய்து இன்று குத்தாதீர்கள். வாசல் எங்கே என்று தெரியாதது ஒரு சிக்கல். சாவி பொருந்தாதது வேறொரு சிக்கல். உங்களுடையது இரண்டாவது. அதற்குக் கதவைப் பெயர்க்க வேண்டியதில்லை.

வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல் வேறு; பெட்டியின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வேறு. பிந்தையவை பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். எழுத்து மிகச் சிறியதாகையால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனியுங்கள். பலமுறை தவறாகப் போட்டால் சில பெட்டிகள் சில நிமிடங்களுக்குக் கதவை மூடிவிடும். அப்போது சரியான கடவுச்சொல்லையும் ஏற்காது. ஆகவே இடைவெளி விட்டு முயலுங்கள். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் தாளில் கடவுச்சொல்லே இருக்காது. முதன்முதலில் இயக்கியவர் அமைத்ததுதான் கடவுச்சொல். அன்று இயக்கியவர் உங்கள் மகனா, இணைப்புத் தர வந்த பணியாளரா என்று நினைவுபடுத்திக் கேளுங்கள். பணியாளரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஊசித் துளையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டியை அணைத்து மீண்டும் இயக்குவது ரீஸ்டார்ட். அதனால் எதுவும் அழியாது. துளைக்குள் சுமார் பத்து வினாடி அழுத்துவது ரீசெட். அது பெட்டியை ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். இணைப்புத் தந்த நிறுவனத்தின் பெட்டியில், நிறுவனம் உங்கள் இணைப்பை அடையாளம் காணும் பி.பி.பி.ஓ.இ. எனப்படும் முறைக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும், ஒரே கம்பியில் வரும் சேவைகளைப் பிரித்தறியும் வீலேன் எண்ணும், தரைவழித் தொலைபேசி அந்தப் பெட்டியின் வழியாகவே வருகிறதென்றால் அதற்கான அமைப்புகளும் பதிந்திருக்கலாம். இவை அழிந்துவிட்டால் வைஃபை வரும், இணையம் வராது, தொலைபேசியும் ஊமையாகிவிடும். சில நிறுவனங்களின் பெட்டிகள் தொலைவிலிருந்தே அமைப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். பலவற்றில் யாராவது கையால் எழுதித்தான் ஆக வேண்டும். என் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் இதைச் செய்துவிட்டு, இணைப்பு விவரங்களைத் தெரிந்துகொள்ளத் திங்கட்கிழமை வரை காத்திருந்தோம். அந்த இரண்டு நாட்களும் அம்மாவின் தொலைபேசிக்கு எந்த அழைப்பும் வரவில்லை. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

வேறு வழியே இல்லையென்றால், நிறுவனத்தை அழைத்து மேற்கண்ட விவரங்களைத் தாளில் எழுதிப் பெற்றுக்கொண்ட பிறகு ரீசெட் செய்யுங்கள். செய்த பின் வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே திரும்ப வைத்தால், வீட்டிலுள்ள கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் கேமராவும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாக இணைக்க வேண்டியதில்லை. நீங்களே கடையில் வாங்கி, நிறுவனப் பெட்டிக்குப் பின்னால் வைத்த இரண்டாவது ரவுட்டர் என்றால் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. இணைப்பு விவரங்கள் முதல் பெட்டியிலேயே இருக்குமானால் இரண்டாவதில் அழிவது உங்கள் வைஃபை அமைப்புகள் மட்டுமே.

கேள்வி: ரவுட்டரின் எண்ணைப் போட்டதும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வருகிறது. மேலே போகலாமா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: உங்கள் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, மேலே சொன்ன முறையில் கேட்வே வரியில் பார்த்த எண்ணையே போட்டிருந்தால் போகலாம். இந்த எண் எண்ணற்ற வீடுகளில் இருப்பதால், அது உங்கள் வீட்டு ரவுட்டர்தான் என்று எந்தச் சான்றளிப்பு நிறுவனமும் உறுதி கூற முடியாது. பெட்டி தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொள்கிறது, உலாவி அதை நம்ப மறுக்கிறது. ஆனால் இந்தச் சலுகை வீட்டு ரவுட்டருக்கு மட்டுமே. வங்கியின் பக்கத்தில் இதே எச்சரிக்கை வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, இணையம் இல்லை. இணையம் வந்த பிறகுதானே அமைப்புப் பக்கத்தைத் திறக்க முடியும்? திறந்த பிறகு முதலில் எதை மாற்ற வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பதில்: இணையம் வேண்டியதில்லை. அந்தப் பக்கம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஃபைபர் அறுந்து கிடந்தாலும், மின்சாரமும் வைஃபையும் இருந்தால் அது திறக்கும். எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் பெட்டிக்கு ஒளிச் சைகை வரவில்லை என்று பொருள். அதை அமைப்புப் பக்கத்தில் சரிசெய்ய முடியாது. ஃபைபர் கம்பி எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு லைன்மேனை அழையுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் மாற்ற வேண்டியது நுழைவுக் கடவுச்சொல்லைத்தான். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளைச் சுமார் அறுபது மட்டும் வைத்துக்கொண்டு, உலகெங்கும் கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. 2017 ஜூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களும் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயின. ஆலைக் கடவுச்சொல்லை மாற்றும்படி அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றி, அமைப்புகளின் நகல் கோப்பைத் தரும் ‘பேக்அப்’ பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள். புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, குடும்ப அட்டை வைத்திருக்கும் உறைக்குள் போட்டு வையுங்கள். எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.