புதன்கிழமை மத்தியானம் பாப்பா எப்படி இருந்தாள்?

கேள்வி: எங்களுக்குக் காரிமங்கலம் பக்கம். மகள் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, வேனில் போய் வருகிறாள். ஜூனிலிருந்து மூன்று தடவை காய்ச்சல் வந்து ஏழு நாள் லீவு ஆகிவிட்டது. யார் வரவில்லை என்று மிஸ் தினமும் வாட்ஸ்அப் குரூப்பில் பேர் போடுகிறார். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அடுத்த வகுப்புக்கு அனுப்பமாட்டோம் என்று மீட்டிங்கில் சொன்னார்கள். போன புதன்கிழமை மறுபடி 101 இருந்தது. ஏழரைக்கு பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன், வேன் வருவதற்குள் விட்டுவிட்டது. "மிஸ் தொட்டுப் பார்த்தாலும் தெரியாதும்மா" என்று அவளே சொன்னாள், அவ்வளவு சமத்து. சாயந்திரம் வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வியாழக்கிழமை எழுந்து போய்விட்டாள். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிறுதான் வருவார். நான் ஜவுளிக்கடைக்குப் போகிறேன். மாமியார் பக்கத்துத் தெருவில் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார், ஆனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. லீவு லெட்டரில் என்ன எழுதினால் பள்ளியில் சத்தம் போடாமல் இருப்பார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: லெட்டருக்குக் கடைசியில் வருகிறேன், அது இரண்டு நிமிட வேலை. "மிஸ் தொட்டுப் பார்த்தாலும் தெரியாதும்மா" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னால் அதைத் தாண்டவே முடியவில்லை. சமத்து என்று வேறு சேர்த்திருக்கிறீர்கள். ஏம்மா, ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள், நம்புகிறேன். ஆனால் நீங்கள் சிரப்பை ஊற்றிக் கொடுத்தது, கடிகாரத்தைப் பார்த்தது, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "சரி, கிளம்பு" என்றது எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். உடம்புக்கு முடியாமல் போவது ஒரு தப்பு, அதை மறைத்தால் அம்மாவுக்கு நல்லது என்று அவளாகவே புரிந்துகொண்டாள்.

அந்த மருந்து குடித்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை தாங்கும். சூட்டை இறக்கும், அவ்வளவுதான், காய்ச்சல் எதனால் வந்ததோ அதை ஒன்றும் செய்யாது. ஏழரைக்குக் கொடுத்தது பதினொன்றரைக்குத் தீர்ந்திருக்கலாம், ரொம்பத் தாங்கியிருந்தாலும் ஒன்றரை. அப்புறம் வேன் வந்து வீட்டில் இறக்கிவிடும்வரை பாப்பா எப்படி இருந்தாள்? காலை ஏழரை மணி உங்கள் கடிதத்தில் இருக்கிறது, சாயந்திரம் இருக்கிறது, அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குளிர் நடுங்கியிருக்கும், தலை வலித்திருக்கும். மிஸ்ஸிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எப்படிச் சொல்வாள்? சொன்னால் காலையில் அம்மா மருந்து கொடுத்து அனுப்பிய விஷயம் வெளியே வந்துவிடுமே! அம்மாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அந்தக் குழந்தை பெஞ்சில் தலை சாய்த்து மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களைக் காப்பாற்றுகிற வேலையை அவளிடம் கொடுத்துவிட்டீர்கள், நான் கோபப்படுவது அதற்காகத்தான்.

இதே மாதிரிக் கடிதங்கள் மழைக்காலம் தொடங்கினால் கட்டுக்கட்டாக வரும். மழைக்காலம் என்றால் நம் பக்கம் டெங்குவும்தான். டெங்கு என்றால் டாக்டர் முதலில் கேட்பது "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று. காரணம் இருக்கிறது. காய்ச்சல் இரண்டிலிருந்து ஏழு நாள் அடிக்கும், ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் வரும். உடம்பு ஆறிவிட்டது, பிள்ளை தேறிவிட்டாள் என்று வீட்டில் நினைக்கும்போதுதான் விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலும் மூக்கிலும் ரத்தம், எழுப்பினால் எழாத சோர்வு எல்லாம் தலைகாட்டும். இதில் ஒன்று தெரிந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தினமும் காலையில் சிரப் கொடுத்து வேனில் ஏற்றினால் அது எத்தனையாவது நாள் என்று உங்களுக்கே தெரியாது, டாக்டரிடம் என்ன சொல்வீர்கள்? இப்படிப்பட்ட காய்ச்சலில் இபுபுரூஃபன் கலந்த சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். நாலு மாதத்தில் நாலு தடவை காய்ச்சல் என்பதையும் டாக்டர் பார்க்கட்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, ஒரு நாள் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள்.

நான் பென்னாகரத்துப் பக்கம் வளர்ந்தவள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். பள்ளிக்கூடம் என்ற பேச்சையே யாரும் எடுக்கமாட்டார்கள், தலைக்கு மூன்று தண்ணி ஊற்றுகிறவரை பிள்ளை பாயை விட்டு நகராது, வாத்தியாரும் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டுகிறவரை அம்மை அடுத்தவருக்குத் தொற்றும் என்று டாக்டரும் சொல்கிறார், படிக்காத என் பாட்டி அதைத்தான் செய்தாள். அம்மைக்குக் கொடுத்த அந்த மரியாதையை நாம் மற்றக் காய்ச்சலுக்குக் கொடுப்பதில்லை. அந்த வேனில் பாப்பாவோடு நெருக்கி உட்கார்ந்து போகிற பிள்ளைகளின் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கும், சர்க்கரை நோயோடு ஒரு தாத்தா இருப்பார். மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்புங்கள். அதுவரை வீடுதான்.

பள்ளிக்காரர்கள் சொன்ன கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 210 வேலை நாள் என்று வைத்தாலும் 75 சதவீதம் என்பது 158 நாள். 52 நாள் விட்டாலும் கணக்கில் இடம் இருக்கிறது, உங்கள் பாப்பா விட்டது ஏழு! அதுவும் இந்த 75 சதவீதப் பேச்சு பொதுத்தேர்வு எழுதுகிற வகுப்புகளுக்கு உரியது. கல்வி உரிமைச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோதுகூட ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் மட்டும்தான் நிறுத்தி வைக்க இடம் கொடுத்தார்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்த வழியே இல்லை. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளையை மனதளவில் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. நோயில் படுத்திருக்கும் பிள்ளையின் பேரைக் குரூப்பில் எல்லோரும் பார்க்கப் போடுவது எனக்கு அந்த வகையாகத்தான் படுகிறது. மிஸ்ஸோடு சண்டைக்குப் போகாதீர்கள், பாவம், அவருக்கு மேலே ஒருவர் கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பார். பிரின்சிபாலைப் போய்ப் பாருங்கள், தனியாகப் போகாதீர்கள்.

யாரோடு போவது? பிள்ளையின் அப்பாவோடுதான். ஓசூர் என்ன, கடல் தாண்டியா இருக்கிறது? பஸ் ஏறினால் அரை நாளுக்குள் வந்து சேரலாம். மாதத்தில் ஒரு நாள் சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது யார் வேலையை விடுவது என்ற கேள்வி எப்போதும் அம்மாவிடமே வந்து முடிவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இன்று ராத்திரி போனில் இதைச் சொல்லுங்கள், கெஞ்ச வேண்டாம்.

அப்புறம் உங்கள் மாமியார். என்ன சண்டையோ எனக்குத் தெரியாது, தப்பு அவர் பக்கமாகவே இருக்கட்டும். பக்கத்துத் தெருவில் பாட்டி இருக்க, பேத்தி காய்ச்சலோடு வேனில் போகிறாள் என்றால் அந்தச் சண்டைக்குக் கூலி கொடுப்பது பாப்பாதான். போய்க் கேளுங்கள். "அத்தை, பாப்பாவுக்கு முடியல, நான் கடையிலிருந்து வர்ற வரைக்கும் பார்த்துக்கறீங்களா?" இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், பழசை எடுக்கவும் வேண்டாம். பேத்திக்கு ரசம் சாதம் கரைத்து ஊட்ட மாட்டேன் என்று சொல்கிற பாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

லெட்டர் இதுதான்: "மகளுக்குக் காய்ச்சல். ஓய்வில் இருக்கிறாள். காய்ச்சல் முழுதும் விட்டு ஒரு நாள் கழித்து அனுப்புகிறேன்." மன்னிக்கவும் என்று எழுதாதீர்கள், தயவுசெய்து என்றும் வேண்டாம். டாக்டர் சீட்டு இருந்தால் ஒரு நகல் வையுங்கள்.

இதை எல்லாம் செய்வதற்கு முன்னால், இன்று ராத்திரி பாப்பா தூங்கப் போகும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு, புதன்கிழமை மத்தியானம் உடம்பு எப்படிடா இருந்தது என்று கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள், அவள் முழுசாகச் சொல்லட்டும். சொல்லி முடித்ததும், இனிமேல் காய்ச்சல் வந்தால் மிஸ்கிட்ட நானே சொல்லிடறேன், நீ எதையும் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.