உடலைக் கவனிக்கும் பழக்கம் என்றால் என்ன? மன அழுத்தத்தைத் தாங்க அது எப்படி உதவுகிறது?

உடலுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று அவ்வப்போது கவனிப்பதுதான் இது. தாடை இறுகியிருக்கிறதா, தோள் காதுவரை ஏறிவிட்டதா, மூச்சு மேலோட்டமாக ஓடுகிறதா, அவ்வளவுதான்.

இதயம், நுரையீரல், குடல் எல்லாம் நரம்புகள் வழியே மூளைக்கு ஓயாமல் தகவல் அனுப்புகின்றன. பெரும்பாலானவை நமக்குத் தெரிவதே இல்லை. பதற்றம் பல நேரம் உடலில்தான் முதலில் தலைகாட்டும். யார் மேலாவது எரிந்து விழுந்த பிறகுதான் நமக்கு உறைக்கும். எஞ்சின் சத்தம் மாறியதுமே ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்பாரே, அதே வேலைதான் இது.

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில், நெரிசலில் சிக்கிய பஸ் வெள்ளவத்தையைத் தாண்டாமல் ஊர்கிறதா? (கொழும்பில் அதற்கா பஞ்சம்!) கம்பியைப் பிடித்திருக்கும் பிடியைக் கவனியுங்கள். கையை விடச் சொல்லவில்லை, தேவைக்கு மேல் இறுக்கியிருந்தால் சற்றுத் தளர்த்துங்கள். அப்புறம், மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும். உடல் தணிய அதுவும் உதவும்.

மனதை வெறுமையாக்கினால்தான் இது பலிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எண்ணங்கள் பாட்டுக்கு ஓடட்டும், கூடவே உடலையும் கவனித்தால் சரி.