கையில் இருந்த வேதநூலை விடுங்கள், நோட்டீஸை எடுங்கள்

கேள்வி: எங்கள் தொகுதியில் வென்றவர் சட்டப்பேரவையில் வேதநூலைக் கையில் வைத்தபடி பதவிப் பிரமாணம் எடுத்தார். உறுதிமொழியைப் படித்து முடித்ததும் தன் குருவின் பெயரைச் சொல்லி முழக்கமும் இட்டார். எல்லா மதத்தாரும் வாழும் தொகுதி இது. டிவியில் பார்த்தபோது மனம் கொதித்தது. தோற்ற வேட்பாளருக்குத் தேர்தல் முகவராக இருந்தவன் நான். பிரசாரத்தின்போதே, தம் மதத்தவர் தமக்கே வாக்களிக்க வேண்டும் என்று அவர் தரப்பு நோட்டீஸ் கொடுத்தது. அதையும் யாரும் கேட்கவில்லை. பிரமாணம் செல்லாது என்று அவர் பதவியைப் பறிக்க முடியுமா? முடிவு வந்து ஒரு மாதம் ஆகிறது.

பதில்: பிரமாணத்தை வைத்து அவர் பதவியைப் பறிக்க முடியாது. அந்த வழியில் இன்னும் இரண்டு வாரம் அலைந்தால், உங்களிடம் இருக்கும் உண்மையான வழக்கும் போய்விடும்.

அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருப்பது ஒரு வாசகம். அதைக் கடவுள் அறிய என்றோ உளமார என்றோ சொல்லிக் கையெழுத்திட வேண்டும். கையில் எந்த நூல் இருக்க வேண்டும், இருக்கக்கூடாது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. வாசகத்தை முழுதாகச் சொன்னாரா என்பதே கேள்வி. சொல்லி முடித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு போட்ட முழக்கம் அவையின் ஒழுங்கைச் சேர்ந்தது. 2024 ஜூலையில் மக்களவை சபாநாயகர், உறுதிமொழிக்கு முன்னும் பின்னும் எதுவும் சேர்க்கக்கூடாது என்று விதித்தார்; அதுவும் மக்களவைக்குத்தான்.

வாசகமே பிசகினால்கூட நீங்கள் நினைப்பது நடக்காது. கேரளத்தில் 2001-இல் கொடுங்கல்லூர் எம்.எல்.ஏ. கடவுளின் பெயருக்குப் பதில் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் பிரமாணம் எடுத்தார். அது முறையான பிரமாணம் அல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் இதற்கு அரசமைப்பின் 193-ஆம் பிரிவு வைத்திருக்கும் தண்டனை, அவையில் உட்கார்ந்த நாளுக்கு 500 ரூபாய். அது அரசுக்குச் சேர வேண்டிய பணம். தொகுதி காலியாகாது.

இனி நோட்டீஸ். போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். வழக்கு அதில்தான் இருக்கிறது. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவில் தேர்தல் முறைகேடாக வருகிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றம் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நிரூபித்தால் தேர்தலே ரத்தாகும்.

ஆனால் தேர்தலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் தேர்தல் மனுவுக்குக் கெடு, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட இங்கே இடமில்லை. காலவரைச் சட்டத்தின் அந்தச் சலுகை தேர்தல் மனுவுக்குக் கிடையாது. கோடை விடுமுறை முடியட்டும் என்று காத்திருந்து கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்; விடுமுறையிலும் மனு வாங்கும் நாள்கள் உண்டு.

கெடுவுக்குள் போட்டும் முதல் கட்டத்திலேயே விழும் மனுக்கள் ஏராளம். வக்கீல் தாக்கல் செய்துவிடுவார் என்று ஊரில் இருந்துவிடாதீர்கள்; மனுதாரர் நேரில் நிற்க வேண்டும் என்பது 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிர்மனுதாரர்களுக்கான ஒவ்வொரு நகலிலும் உண்மை நகல் என்று நீங்களே கையெழுத்திட வேண்டும். வைப்புத்தொகை 2,000 ரூபாயை மனுவோடு கட்ட வேண்டும். உங்கள் வேட்பாளரை வென்றவராக அறிவிக்கவும் கேட்டால், போட்டியிட்ட எல்லோரையும் சேர்க்க வேண்டும். 40 வாக்கு வாங்கிய சுயேச்சையை விட்டாலும் மனு தள்ளுபடி. ஆகவே அந்தக் கோரிக்கையை விட்டுவிடுங்கள், தேர்தலை ரத்து செய்யக் கேட்டால் போதும்.

இதையெல்லாம் தாண்டிய பிறகும் பலர் தோற்கும் இடம் ஒன்று உண்டு. “அவர் தரப்பு கொடுத்தது” என்பது நீதிமன்றத்தில் நிற்காது. யார், எந்தத் தேதியில், எந்தத் தெருவில், யாரிடம் கொடுத்தார்? வேட்பாளரோ அவருடைய முகவரோ கொடுத்தாரா, அல்லது வேட்பாளரின் அல்லது தேர்தல் முகவரின் சம்மதத்தோடு வேறொருவர் கொடுத்தாரா? கிரிமினல் வழக்கைப் போல ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டும். புதிய குற்றச்சாட்டைப் பிறகு திருத்த மனுவில் நுழைக்க முடியாது. நோட்டீஸின் அடியில் அச்சகத்தார், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் சட்டப்படி இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் நோட்டீஸை அவரோடு சேர்க்கும் இணைப்பு அறுந்துவிடும். கையில் வாங்கிய இரண்டு பேராவது சாட்சிக் கூண்டில் ஏறுவார்களா என்று இப்போதே கேளுங்கள். தேர்தலன்று பேசியவர்கள் இரண்டு வருடம் கழித்து வருவதில்லை.

வாபஸ் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். சிவில் வழக்கு மாதிரி இடையில் இருதரப்பும் ராஜியாகிப் போக முடியாது. உயர் நீதிமன்றம் அனுமதித்தால்தான் விலகலாம். பேரம் இருந்தது தெரிந்தால் அனுமதியே கிடைக்காது. தோற்றால் அவர் செலவையும் நீங்கள் தர வேண்டிவரும்.

நோட்டீஸின் அசலும் இரண்டு சாட்சிகளும் இந்த வாரத்துக்குள் கையில் வராவிட்டால் வழக்கே வேண்டாம். வந்தால், பிரமாணத்தைப் பற்றி மனுவில் ஒரு பத்தியும் எழுதாதீர்கள். முடிவு வந்தபின் நடந்தது அது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் மனுவையே அரசியல் பகையாகக் காட்டிவிடுவார்.