192 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் பாட்டு இனிமையாகிவிடுமா?

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. ஒலி அமைப்பைத் திறந்தால் 16 பிட், 44100 ஹெர்ட்ஸில் தொடங்கி 24 பிட், 192000 ஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டியல் வருகிறது. இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மாறாக, சில நேரம் கரகரவென்று சத்தம் விட்டுவிட்டு வருகிறது. ஆடியோ மேம்பாடு என்ற வசதியை இயக்குவதா, அணைப்பதா? வால்யூமைக் கணினியில் முழுதாக வைக்க வேண்டுமா? வயர் ஹெட்போன், புளூடூத் ஹெட்போன் இரண்டையும் பயன்படுத்துகிறேன். புளூடூத்தில் ஆன்லைன் கூட்டம் தொடங்கியதுமே ஒலியின் தரம் அடியோடு விழுந்துவிடுகிறது. தனியாக டிஏசி என்ற ஒலிக் கருவி வாங்கினால் எல்லாம் சரியாகுமா?

பதில்: முதலில் அந்தப் பட்டியலில் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கரகரப்பு பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். சேமித்து வைத்த சிடி பாடல்களை மட்டுமே கேட்பவர் என்றால் 24 பிட், 44100 வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒலியை உண்மையில் கெடுப்பவையும் திருத்துபவையும் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றை யாரும் தேடிப் போவதில்லை, ஏனென்றால் அங்கே பெரிய எண்கள் இல்லை.

அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். 44100 ஹெர்ட்ஸ் என்றால் ஒலி அலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. இந்த அளவீட்டு வேகத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே வரையுள்ள எல்லா அதிர்வெண்களையும் குறையின்றித் திரும்பப் பெற முடியும் என்பது கணிதம். அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 22 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைத்துவிடுகிறது. நல்ல காதுள்ள இளைஞருக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏற அது இறங்கும். 44.1 என்ற விநோதமான எண் எப்படி வந்தது என்று சிலர் கேட்பதுண்டு. சிடி வருவதற்கு முன் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாக்களில்தான் பதிந்தார்கள். ஒரு படவரிக்கு 3 அளவீடு, ஒரு புலத்துக்கு, அதாவது பாதிப் படத்துக்கு, 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். சிடி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. திரைப்படமும் வீடியோவும் 48 கிலோஹெர்ட்ஸுக்குப் போயின. இன்று கணினியில் ஓடும் வீடியோ, விளையாட்டு, ஆன்லைன் கூட்டம் எல்லாமே பெரும்பாலும் 48 என்பதால்தான் உங்களுக்கு அதைச் சொன்னேன்.

விண்டோஸில் ஒரே நேரத்தில் பல செயலிகள் சத்தம் எழுப்பலாம். பாட்டு ஓடும்போதே மின்னஞ்சல் மணியும் அடிக்க வேண்டும். அதற்காக எல்லா ஒலிகளையும் ஒரே வேகத்துக்கு மாற்றிக் கலந்து அனுப்பும் மிக்சர் ஒன்று உள்ளே வேலை செய்கிறது. நீங்கள் பட்டியலில் தேர்ந்தெடுப்பது இந்த மிக்சரின் வேகத்தைத்தான். பாட்டின் தரத்தை அது தொடுவதில்லை. 44.1 பாட்டை 192க்கு உயர்த்தும்போது, அசல் அளவீடுகளுக்கு இடையே கணக்குப் போட்டுப் புதிய புள்ளிகள் நிரப்பப்படுகின்றன. ஒரு குடம் தண்ணீரை அண்டாவில் ஊற்றினாலும் அது ஒரு குடம்தான். ஆனால் கணினியும் ஒலிச் சில்லும் நான்கு மடங்குக்கும் மேலான தரவைத் தாமதமின்றித் தள்ள வேண்டியிருக்கிறது. எங்காவது ஒரு கணம் பிந்தினால் உங்களுக்குக் கேட்ட அந்தக் கரகரப்பு வரும். உண்மையாகவே 96 அல்லது 192இல் பதிந்த கோப்பு என்றாலும் லாபம் உறுதியில்லை. அதிலுள்ள செவிக்கெட்டாத உயர் அதிர்வெண்கள் சாதாரண ஆம்ப்ளிஃபயரிலும் ஸ்பீக்கரிலும் ஒன்றோடொன்று கலந்து, கேட்கும் எல்லைக்குள் புதிய திரிபை உண்டாக்கக்கூடும்.

இதைக் காதால் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியான சோதனையில், உயர் தெளிவு ஒலியையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டு எது எது என்று கேட்டார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வந்திருக்கும். 2016இல் அதே இதழில் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடை 52.3 சதவீதம் என்று வந்தது; பயிற்சி பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதல். ஆக, வித்தியாசம் முற்றிலும் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். அதைத் துரத்தும் முன் கவனிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன என்பதே என் கட்சி.

பிட் விஷயம் வேறு. அங்கே 24ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் அளவீட்டையும் எத்தனை நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதே பிட். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையிலான வீச்சு, ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் என்பது கணக்கு. 16 பிட்டுக்கு 96 டெசிபல், கேட்பதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் கணினியின் வால்யூமைக் குறைப்பது என்பது எண்களைச் சிறிதாக்குவது. 30 டெசிபல் குறைத்தால் 16 பிட்டில் ஐந்து பிட்கள் போய்விடும், மீதி 11. மெல்லிய பகுதிகளில் இரைச்சல் தலைகாட்டலாம். 24 பிட் வைத்திருந்தால் அதே குறைப்புக்குப் பிறகும் 19 மிஞ்சும். 24 பிட்டின் முழு 144 டெசிபலை எந்த ஒலிச் சில்லும் வெளியே தருவதில்லை. மிக நல்லவையே 120, 130ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. எண்களைச் சுருக்குவதற்கு அது இடம் தருகிறது, அதற்காகத்தான் வேண்டும்.

வால்யூம் கேள்விக்கும் இதிலேயே பாதி விடை வந்துவிட்டது. ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ தனிக் குமிழ் இருந்தால் கணினியையும் பாட்டுச் செயலியையும் முழுதாகவோ சற்றே குறைவாகவோ வைத்து, அந்தக் குமிழால் கட்டுப்படுத்துங்கள். ஹெட்போனை நேராக மடிக்கணினியில் செருகினால் முழுதாக வைக்காதீர்கள். அங்கே காதுதான் முதலில் பாதிக்கப்படும். 24 பிட்டில் கணினி வால்யூமைக் குறைப்பதால் கேட்கும்படியான இழப்பு எதுவும் வராது.

தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்த சுருதிகளை 6 டெசிபல் தூக்கினால் மொத்த அளவை அதே 6 டெசிபல் இறக்க வேண்டும். அதற்காகவே ப்ரீஆம்ப் என்ற நழுவுகோல் ஈக்வலைசரில் இருக்கிறது. இன்றைய பாடல்கள் ஏற்கெனவே உச்ச எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓடுகின்றன. இறக்காமல் தூக்கினால் அலையின் உச்சி மழுங்கி ஒலி கரடாகிவிடும். பிறகு ஹெட்போன் மட்டம் என்று பழி போடுவார்கள்.

ஆடியோ மேம்பாட்டை அணைத்துவிடுங்கள். அமைப்புகளில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதில் உங்கள் சாதனத்தின் பெயர் என்று போனால் அங்கே கிடைக்கும். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கர்களுக்கு மட்டும் விதிவிலக்கு: அந்த ஸ்பீக்கருக்கென்றே தயாரிப்பாளர் சரிசெய்த திருத்தம் அதில் அடங்கியிருக்கலாம், அணைத்தால் தகரச் சத்தம்தான் மிஞ்சும். வயர் ஹெட்போனுக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை. மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் சமப்படுத்தும் வசதி, இரவில் பக்கத்து அறையை எழுப்பாமல் படம் பார்க்க நல்லது. இசைக்கு ஆகாது, பாட்டின் ஏற்ற இறக்கத்தையே அது தின்றுவிடும். ஸ்பேஷியல் சவுண்ட் என்ற சூழொலி வசதியும் அப்படித்தான். 5.1 அல்லது 7.1 என்ற பல சானல் ஒலியுள்ள படத்தையோ விளையாட்டையோ ஹெட்போனில் அனுபவிக்க வேண்டுமானால் இயக்கலாம், இரண்டு சானல் பாட்டுக்கு வேண்டாம்.

முந்தைய சவுண்ட் பக்கத்தின் கீழே கூடுதல் ஒலி அமைப்புகள் என்ற இணைப்பு பழைய பலகையைத் திறக்கும். அங்கே இரண்டு வேலை. தகவல்தொடர்பு என்ற தாவலில், அழைப்பு வரும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்பது இயல்பாகவே தேர்வாகியிருக்கும். எதுவும் செய்யாதே என்று மாற்றுங்கள். அடுத்து, சாதனத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்பீக்கர் உள்ளமைவைப் பாருங்கள். இரண்டே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு அங்கே 5.1 என்று இருந்தால், படங்களில் இசை முழங்கும், வசனம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். வசனம் நடு சானலில் வருகிறது, உங்களிடம் நடு ஸ்பீக்கர் இல்லை. இந்த ஒரு தவறுக்காகப் புது ஸ்பீக்கர் வாங்கியவர்கள் உண்டு. அணுகல்தன்மைப் பகுதியில், இரு சானலையும் ஒன்றாக்கிவிடும் மோனோ ஆடியோ தவறுதலாக இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி புளூடூத். உங்கள் கேள்வியில் உண்மையிலேயே காதுக்குப் பளிச்சென்று தெரியும் பிரச்சினை இதுதான். வழக்கமான புளூடூத்தில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. ஒன்று இசைக்கானது: ஸ்டீரியோ, முழு அதிர்வெண், ஒரு திசை மட்டும். மற்றொன்று தொலைபேசிப் பேச்சுக்கானது: இரு திசையும் உண்டு, ஆனால் ஒற்றைச் சானல், அளவீட்டு வேகம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். எந்தச் செயலியாவது ஹெட்போனின் மைக்கைத் திறந்த கணமே கணினி முதல் பாதையை விட்டு இரண்டாவதற்குத் தாவுகிறது. 8 கிலோஹெர்ட்ஸ் என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. வயலினும் தாளமும் மங்கிப்போவதில் வியப்பென்ன?

வழி எளியது. கூட்டச் செயலியின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையும், ஒலி வெளியீடாக ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்போனின் மைக்கை யாரும் தொடாதவரை இசைப் பாதை அப்படியே இருக்கும். கூட்டம் முடிந்த பிறகும் தரம் திரும்பவில்லையென்றால் ஏதோ ஒரு செயலியோ உலாவியின் தாவலோ மைக்கைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். பணிப்பட்டையில் மைக் சின்னம் தெரிகிறதா என்று பாருங்கள். எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு இருக்கிறது, ஆனால் கணினி, ஹெட்போன் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

புளூடூத்தில் பாட்டு எப்படியும் சுருக்கப்பட்டுத்தான் போகிறது. அப்படிச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எஸ்பிசி என்ற கோடெக் எல்லா ஹெட்போனிலும் உண்டு; ஏஏசியை விண்டோஸ் 11 ஏற்கிறது. எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்றாலும் விண்டோஸில் அது உள்ளமைந்து வருவதில்லை. எனவே ஹெட்போன் பெட்டியில் எல்டாக் என்று அச்சிட்டிருந்தாலும் உங்கள் மடிக்கணினியோடு அது பேசுவது வேறு கோடெக்கில்தான். நிதானமாகப் பாட்டு கேட்க உட்காரும்போது வயரைச் செருகிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங் செயலிக்குள்ளும் ஒரு முறை போய்வாருங்கள். ஒலித்தரம் தானியங்கி என்று இருந்தால் இணையம் தடுமாறும்போது அது சத்தமில்லாமல் கீழே இறங்கும்; உச்ச நிலையில் நிலைநிறுத்துங்கள். எந்தப் பட்டியலையும்விட இந்த ஒரு மாற்றம் அதிகம் கேட்கும். மிக்சரையே தவிர்த்துப் பாட்டை அசல் வேகத்தில் நேராக அனுப்ப விரும்பினால் ஃபூபார்2000, மியூசிக்பீ போன்ற செயலிகளில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் என்ற தேர்வு இருக்கிறது. அப்போது பட்டியலில் நீங்கள் வைத்த எண் பொருட்டே அல்ல, பாட்டு 44.1 என்றால் சில்லும் 44.1க்கு மாறும். மற்ற செயலிகளின் சத்தம் மட்டும் அந்த நேரம் வராது. பாட்டின் நடுவே மின்னஞ்சல் மணி அடிக்காது என்பதற்காகவே எனக்கு இது பிடிக்கும்.

எதை மாற்றிச் சோதித்தாலும் இரண்டு நிலைகளின் சத்தமும் சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் தெளிவானது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். மேம்பாடு என்ற பெயரில் வரும் வசதிகள் பலவும் இயக்கியவுடன் சத்தத்தைக் கூட்டுவதால்தான் முதல் கேட்பில் மயக்குகின்றன. நீங்கள் பார்க்காதபோது வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்பது இன்னும் நேர்மையான சோதனை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இதே தேர்வு ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் இருக்கிறது. லினக்ஸில் பைப்வயர் இயல்பாகவே 48 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதை மாற்ற வேண்டிய தேவை அபூர்வம்.

கடைசியாக டிஏசி. டிஜிட்டல் எண்களை மின்னலையாக மாற்றும் அந்தக் கருவி உங்கள் மடிக்கணினிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக ஒன்று தேவையா என்பதை அறிய, வயர் ஹெட்போனைச் செருகி, எதையும் ஓடவிடாமல் வால்யூமை உயர்த்திக் கேளுங்கள். இரைச்சல் கேட்கிறதா? சுட்டியை நகர்த்தும்போது கீச்சென்ற ஒலி மாறுகிறதா? கேட்டால் கணினியின் உள்மின்சுற்று ஒலிக்குள் கசிகிறது. யூஎஸ்பியில் செருகும் சிறிய டிஏசி அதைத் தீர்க்கும். 250, 300 ஓம் மின்மறுப்புள்ள ஹெட்போனுக்கு மடிக்கணினியால் போதிய சத்தம் கொடுக்க முடியாமல் போனால் ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்த டிஏசி உதவும். இரண்டும் இல்லையென்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல ஹெட்போனுக்கு ஒதுக்குங்கள். அதற்கும் முன், இருக்கும் ஹெட்போனின் காது மெத்தை தேய்ந்தோ கிழிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தை காதோடு சரியாகப் பொருந்தாவிட்டால் தாழ்ந்த சுருதி முழுவதும் அந்த இடைவெளியில் கசிந்துவிடும். புதிய ஜோடி மெத்தை மாட்டினால் திரும்பக் கிடைக்கும்.