ஆடிக் கடலும் குளியலறைப் படியும்

கேள்வி: என் மாமனாருக்கு 82 வயது, மாமியாருக்கு 76. வரும் ஆவணியில் அவர்களுடைய திருமணப் பொன்விழா. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் ஜூலையில் ஒரு மாத விடுப்பில் வருகிறார். எல்லோருமாகக் கப்பலேறி லட்சத்தீவு பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. மாமனார் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதில்லை. புராஸ்டேட் தொந்தரவால் இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பார். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். கொஞ்ச நாளாக மறதியும் இருக்கிறது. எங்கள் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. “வயசான காலத்துல நடுக்கடல்ல கொண்டு விடப் போறியளா?” என்று நாத்தனார் கோபப்படுகிறார். போகலாமா? போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

போகலாம். ஆனால் ஜூலையில் வேண்டாம், லட்சத்தீவுக்கும் வேண்டாம். உங்கள் நாத்தனாருடைய கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதியை ஏற்பாடுகளால் தணித்துவிடலாம்.

முதலில் மாதம். ஆடிக் காற்றில் அரபிக்கடல் எப்படி இருக்கும் என்று குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று ஓடும் சுற்றுலாக் கப்பல் அந்தப் பக்கத்தை விட்டுச் சென்னை போன்ற கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்கு இடம் மாறியிருப்பதே அந்தக் கடலைப் பற்றிப் போதுமான சாட்சி. பெரிய கப்பல் ஆடாது என்று முகவர்கள் சொல்வார்கள். நீருக்கடியில் இரு பக்கமும் துடுப்புப் போல நீளும் தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைப்பது உண்மைதான். ஆனால் முன்புறம் ஏறிப் பின்புறம் இறங்கும் ஆட்டத்தை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. நமக்கெல்லாம் லேசான தள்ளாட்டமாகத் தெரிவது, ஊன்றுகோலை நம்பி நிற்கும் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். கார்த்திகையும் எனக்குச் சம்மதமில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கரையைப் புரட்டிப்போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தை, மாசி மாதங்களே நமக்கு ஏற்றவை. பொன்விழாவை ஆவணியில் வீட்டில் பாயசத்தோடு கொண்டாடிவிட்டு, உங்கள் கணவர் தம் விடுப்பில் பத்து நாளை ஜனவரிக்கு ஒதுக்கி வைக்க முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கட்டும்.

லட்சத்தீவை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அங்கே பெரிய கப்பல் கரையை அணைந்து நிற்பதில்லை. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருப்பதால் கப்பல் வெளிக்கடலில் நின்றுவிடும். பயணிகள் கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். படகு அலையில் உயரும்போது இரண்டு பேர் கையைப் பிடித்து, சரியான நொடியில் காலை எடுத்து வைக்கச் சொல்வார்கள். அந்த நொடி இளைஞர்களுக்கு விளையாட்டு. காலை எடுத்து வைக்கலாமா என்று யோசிக்கவே இரண்டு நொடி எடுத்துக்கொள்ளும் உங்கள் மாமனாருக்கு அது பெரிய ஆபத்து. இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாம். ஆனால் பொன்விழா தம்பதி மேல்தளத்தில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் தீவு பார்த்துவிட்டு வருவது என்ன கொண்டாட்டம்?

ஆகவே, கப்பல் துறையோடு ஒட்டி நிற்கும் ஊர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கொச்சியில் ஏறி, கோவாவிலோ மும்பையிலோ இறங்கி, விமானத்தில் திருவனந்தபுரம் திரும்புவது போன்ற இரண்டு மூன்று இரவுப் பயணம் முதல் முறைக்குப் போதும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பயணங்களையும் சிலர் சொல்வார்கள். அந்த வழியில் பினாங்கில் கப்பல் துறையில் அணையும், புக்கெட்டில் பெரும்பாலும் படகில்தான் இறங்க வேண்டியிருக்கும். முகவரிடம் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒவ்வோர் ஊரிலும் எப்படி இறங்குவது என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம், அதுவும் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில். கூட்டமில்லாத வார நாளாகப் பார்த்து, காலையிலேயே கன்னியாகுமரிப் படகுத்துறைக்குப் போய், சிறப்புக் கட்டணச் சீட்டெடுத்து, பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் விவேகானந்தர் பாறைக்கு ஒரு முறை போய்வாருங்கள். சில நிமிடப் பயணம்தான். ஆனால் வரிசையில் நிற்பது, துறையிலிருந்து ஆடும் படகுக்குக் காலெடுத்து வைப்பது, உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொள்வது, பேரனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இன்னொருவரைத் தாங்குவது என்று கப்பலில் நேரப்போகும் எல்லாம் அந்தச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து திருவள்ளுவர் சிலைவரை போக மாமனாருக்கு விருப்பம் இருக்கிறதா, அல்லது ஏறியதுமே “வீட்டுக்குப் போலாம்” என்கிறாரா என்பதையும் பாருங்கள். வாயால் சரி என்று சொல்லிவிட்டு மனத்தில் பயந்துகொண்டிருக்கும் முதியவர்கள் உண்டு. மகன் ஆசைப்படுகிறானே என்று வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது அறை. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே தவறியது இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவைக் கப்பலில் அழைத்துப் போனபோது, கடல் தெரியும் அறையாக இருக்க வேண்டும் என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. குளியலறை வாசலைப் பற்றி நினைக்கவேயில்லை. தண்ணீர் அறைக்குள் வராமலிருக்கக் கப்பல் குளியலறையின் வாசலில் உலோகப் படி ஒன்று உயர்ந்து நிற்கும். பகலில் அதைத் தாண்டிய அம்மா, நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் எழுந்து போனபோது பெருவிரல் தட்டி, கதவுச் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். பிழைத்தது கடவுள் புண்ணியம். மீதி இரண்டு இரவும் நான் அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடலைப் பார்த்ததாக நினைவில்லை.

இரவில் நான்கு முறை எழுந்திருக்கும் உங்கள் மாமனாருக்காக, சக்கர நாற்காலி நுழையும் வகையில் கட்டிய அறையைக் கேட்டு வாங்குங்கள். அகலக் கதவு, படியில்லாத குளியலறை, பிடித்துக்கொள்ளக் கம்பிகள், உட்கார்ந்து குளிக்க இருக்கை எல்லாம் அதில் இருக்கும். ஒரு கப்பலில் அத்தகைய அறைகள் மிகச் சிலவே என்பதால், மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். அந்த அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில், மின்தூக்கிக்கு அருகில் அமைந்தால் நல்லது. ஆட்டம் குறைவு, நடையும் குறைவு. பக்கத்திலேயே, முடிந்தால் இடைக்கதவு உள்ளதாக, உங்களுக்கு இன்னோர் அறை. குளிக்கும் இடத்தில் வாளியும் கப்பும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் கப்பைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், அதன் அருமை அங்கே போனபின் தெரியும். கழிவறை காற்றழுத்தத்தில் உறிஞ்சும் வகை. பொத்தானை அழுத்தினால் எழும் சத்தத்தில் குழந்தை அலறும், மாமியாரும் திடுக்கிடலாம் என்பதால் முதல் நாளே அழுத்திக் காட்டிவிடுங்கள்.

ஊன்றுகோலோடு நடப்பவராயினும் மாமனாருக்கு மடக்குச் சக்கர நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கப்பலில் வைத்திருப்பவை பெரும்பாலும் ஏற்றி இறக்கும்போது மட்டுமே கிடைக்கும்; அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நூறு இருநூறு மீட்டர் நடை இருக்கக்கூடும். புறப்படும் நாளில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்க நினைக்காதீர்கள். ஆபத்து நேரத்தில் மின்தூக்கி இயங்காது. படியில் இறங்க முடியாதவர் உங்களோடு இருக்கிறார், குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி வேண்டும் என்ற இரண்டையும் கப்பல் ஊழியர்கள் குறித்துக்கொள்ளச் செய்ய வேண்டும்.

மாமியாருடைய மறதிக்கு ஓர் எளிய வழி. கப்பலின் நடைவழிகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்கும்; நமக்கே கதவு தப்பும். அறைக்கதவு பெரும்பாலும் இரும்பு என்பதால், உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை எதையாவது எடுத்துப் போய் அதில் ஒட்டுங்கள். எண் மறந்தாலும் பொம்மை நினைவிருக்கும். அறை எண் எழுதிய சீட்டு அவருடைய கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். நடுக்கடலில் கைப்பேசியை நம்பிப் பயனில்லை.

மருந்துகளைப் பொறுத்தவரை, பயண நாள்களுக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கைப்பையிலேயே வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடும். அறையில் இருக்கும் சிறு குளிர்பெட்டி இன்சுலினுக்குப் போதிய குளிர்ச்சி தராமல் போகலாம் என்பதால் மருந்துக்கான குளிர்பெட்டி வேண்டுமென்று முன்பே கேளுங்கள். சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் ஊசி. பந்தியில் காத்திருக்கும்போது போட்டுவிட்டு உணவு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வாந்தி எடுத்த நாளில் அளவை எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

குமட்டலுக்குக் கடையில் கேட்டவுடன் கொடுக்கும் அவோமின் போன்ற மாத்திரையை மாமனாருக்கு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு அது சிறுநீரை அடைத்துவிடலாம். வயதானவர்களுக்கு மயக்கமும் குழப்பமும் தரும். மறதி உள்ள மாமியாருக்கும் அதே எச்சரிக்கை. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அந்த வயதில் கடல்மயக்கம் வருவதும் அபூர்வம். ஜனவரியில் உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டியிருப்பான் என்றாலும், மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். சுக்கு, திறந்த தளத்தின் காற்று, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது ஆகியவை எல்லோருக்கும் முதல் மருந்து.

கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள். முதலுதவியும் சில பரிசோதனைகளும் நடக்கும், அறுவைச் சிகிச்சையை எதிர்பார்க்க முடியாது. கட்டணத்தை முதலில் நாமே செலுத்த வேண்டும். ஆகவே பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களும், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுசெல்லும் செலவும் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அந்தக் காப்பீட்டால் உங்களுக்குப் பயனில்லை.

குழந்தையைப் பற்றிக் கவலை குறைவு. பல கப்பல்கள் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையை ஏற்கின்றன. ஆனால் டயப்பர் கட்டும் குழந்தையை நீச்சல் குளத்தில் விட மாட்டார்கள், விளையாட்டுக் கூடத்திலும் பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள். அறைக்கதவுகள் கனமானவை, தாமாகவே அடித்துச் சாத்தும்; பிஞ்சு விரல்களைக் கவனியுங்கள். பால்கனி உள்ள அறையானால் கம்பி ஓரத்தில் நாற்காலி போடாதீர்கள். கஞ்சி வைக்கக் குக்கரோ மின்னடுப்போ கொண்டுபோக முடியாது, தீ அபாயம் என்று வாங்கி வைத்துவிடுவார்கள். ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி ஊட்டுகிறீர்கள் என்றால் அதைக் காய்ச்சிக் கொடுப்பார்களா, மூடிய பொட்டலத்தை உள்ளே அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கைகழுவச் சோப்பும் தண்ணீரும்தான் சரி. கப்பல்களில் பரவி வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் திரவம் அவ்வளவாக உதவாது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் எல்லோருடைய உடல்நிலையும் இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டில் மாமனாருக்கு இரவுத் துணை யார், ஊசி போடுவது யார், குழந்தையைத் தூங்க வைப்பது யார் என்று யோசித்துப் பார்த்தால், அதே வேலைகளை ஆடும் தரையில் செய்யத்தான் நீங்கள் கப்பலேறப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. தாத்தாவும் ஆச்சியும் இருக்கிறார்களே, குழந்தையை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் உலாவலாம் என்று உங்கள் கணவர் நினைத்தால், அது இந்த வயதில் அவர்களுக்குப் பாரம். முதல் இரவு அப்பாவின் அறையில் கணவர் படுக்கட்டும், அடுத்த இரவு நீங்கள். கோபித்துக்கொள்ளும் நாத்தனாரையும் சேர்த்து அழைத்துவிடுங்கள். இன்னொரு ஜோடிக் கை கிடைக்கும், கோபமும் கொச்சித் துறைமுகத்தை எட்டுவதற்குள் தணிந்துவிடும். புறப்படும் நாளன்று காலையில் தக்கலையிலிருந்து கிளம்பாமல், முந்தின நாளே எறணாகுளம் போய்த் தங்கி, எல்லோரும் தூங்கி எழுந்து கப்பலேறுங்கள்.

கன்னியாகுமரி ஒத்திகையில் மாமனார் தயங்கினாலோ, விடுப்பை மாற்றவே முடியாமல் போனாலோ, கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் ஒரு படகுவீடு பிடியுங்கள். திருவனந்தபுரத்தைத் தாண்டினால் கொல்லம். கடலின் ஆட்டம் அங்கே இல்லை. பலத்த மழை எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மதியச் சோற்றுக்கு மீன்குழம்பும், இரவுக்குக் கஞ்சியும் பயறும் சமைத்துத் தருமாறு படகுக்காரரிடம் முன்பே சொல்லலாம். பதிவு செய்யும் முன் குளியலறை வாசலை ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; அங்கேயும் படி இருக்கும்.