கிணற்றடி மோட்டரும் 33 ஓம் கணக்கும்

முள்ளியவளையில் கச்சான் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டிலிருந்து கிணறு 100 மீற்றர். ஒரு குதிரைவலு மோட்டர், ஓடும்போது 7 அம்பியர் இழுக்குது. அந்த நேரம் வீட்டில் 230 வோல்ற், கிணற்றடியில் 206. 230 ஐ 7 ஆல் வகுத்தால் தடை 33 ஓம் வருகுது. மல்ரிமீற்றரால் மோட்டர்ச் சுருளை அளந்தால் 3 ஓம்தான். 230 ஐ 7 ஆல் பெருக்கினால் 1610 வாற், தகட்டில் 750 என்று இருக்கு. பின்னேரத்தில் மோட்டர் உறுமிக்கொண்டு நிற்குது, சுற்றுதில்லை. மோட்டர் பழுதா, என் கணக்குப் பிழையா?"

உங்கள் வகுத்தலும் பெருக்கலும் சரி. மோட்டரும் பழுதில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எழுதிய எண்களுக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வலு. கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்களுக்கு இது புதிதில்லை. அந்த டைனமோ 6 வோல்ற்றில் அரை அம்பியர் தந்து ஒரு பல்பை எரித்தால் வலு 3 வாற், எரிகிற பல்பின் தடை 12 ஓம். கேத்திலுக்கும் அப்படியே: 230 வோல்ற், 8 அம்பியர் என்றால் 1840 வாற், ஏறக்குறைய 29 ஓம். கேத்திலைக் கழற்றி மீற்றரால் அளந்தாலும் கிட்டத்தட்ட அதே 29 தான் காட்டும். உள்ளே போகிற மின்சாரம் முழுவதும் சூடாகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

மோட்டரின் வேலை வேறு. அது சுற்றும்போது கொடுத்த வோல்ற்றை எதிர்த்து உள்ளேயே ஒரு வோல்ற் உண்டாகிறது. அதுதான் ஓட்டத்தை 7 அம்பியரில் பிடித்து வைக்கிறது. செப்புச் சுருளின் தடை நீங்கள் அளந்த 3 ஓம்தான். 33 என்று வந்தது தடையே இல்லை. வலுவும் அப்படித்தான். மோட்டருக்குக் கிடைப்பது 206 வோல்ற், அதை 7 ஆல் பெருக்கினால் 1442. இதை வலுக் காரணியாலும் (வோல்ற்றை அம்பியரால் பெருக்கி வருவதில் உண்மையில் வலுவாகிற பங்கு) பெருக்க வேண்டும். இந்த அளவு மோட்டருக்கு அதைச் சுமார் 0.8 என்று வைத்தால் 1150 வாற் அளவில் உள்ளே போகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குபோல அச்சில் வேலையாக வெளியே வரும். தகட்டில் உள்ள 750 அந்த வெளியே வருகிற வலு, ஒரு குதிரைவலு 746 வாற் அல்லவா.

சரி, பின்னேரம் ஏன் நிற்கிறது? உங்கள் தோட்டத்தில் அந்த வகுத்தல் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு பொருள் இருக்கிறது: வயர். அதற்கு வீட்டின் 230 ஐ எடுக்கக்கூடாது. வயரில் தொலைந்த வோல்ற்றைத்தான் எடுக்க வேண்டும். 230 இலிருந்து 206 போனால் 24. அதை 7 ஆல் வகுத்தால் 3.43 ஓம். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போக 100, வர 100, மொத்தம் 200 மீற்றருக்கு 3.44 ஓம் வரும். ஆக நீங்கள் போட்டிருப்பது அந்த மெல்லிய வயர்தான் என்பது என் ஊகம், உறையில் எழுதியிருக்கும், பாருங்கள். இருபத்து நாலை ஏழால் பெருக்கினால் 168 வாற், அது முழுவதும் வயரைச் சூடாக்கவே போகிறது. நாளுக்கு 4 மணித்தியாலம் இறைத்தால் மாதம் 20 யூனிற். ஒரு செடியும் நனையாமல் அதற்கு நீங்கள் காசு கட்டுகிறீர்கள்.

தொடங்குகிற கணம்தான் மோசம். அச்சு நிற்கும்போது எதிர் வோல்ற் இல்லை, மோட்டர் பல மடங்கு இழுக்கும். 20 அம்பியர் இழுத்தாலே வயரில் 69 வோல்ற் போய்விடும். பின்னேரம் ஊரெல்லாம் லைற்றும் ரீவியும் போட, வீட்டுக்கு வருவதே 230 இலிருந்து இறங்கியிருக்கும். மிச்சத்தில் மோட்டர் உறுமத்தான் செய்யும். அப்படி உறுமினால் உடனே சுவிச்சை நிறுத்துங்கள், சில நிமிடத்திலேயே சுருள் கருகலாம்.

வீட்டில் ஸ்ரெபிலைசர் வாங்கிப் பூட்டச் சொல்லுவார்கள். அந்தக் காசை வயரில் போடுங்கள். நாலு சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்றால் தடை 0.86 ஓம், 7 அம்பியருக்கு இழப்பு 6 வோல்ற், வீணாவது 42 வாற். எர்த் வயரையும் கூடவே இழுங்கள். கிணற்றடி ஈரநிலம், மின் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிச் இல்லாமல் அங்கே மோட்டர் ஓட்டவே வேண்டாம்.

அளப்பதில் இரண்டு கவனம். வயரைக் கவ்வி அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றரின் வாய்க்குள் ஒரு வயரை மட்டும் விடுங்கள், இரண்டையும் சேர்த்து விட்டால் பூச்சியம் காட்டும். ஓம் அளக்கும்போது பிளக்கைக் கழற்றி, மோட்டரோடு இருக்கிற கப்பாசிற்றரில் (மின்னைத் தேக்கி வைக்கும் உறுப்பு) தேங்கிய மின்னை ஒரு மின்வேலையாளைக் கொண்டு இறக்கிவிட்ட பிறகே கை வையுங்கள். கிணற்றடியில் வோல்ற் அளப்பதையும் அவரிடமே விடுவது நல்லது.

புது வயர் போட்ட பிறகு, மோட்டர் ஓடும்போது இரண்டு முனையிலும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 6, 7 வோல்ற்றைத் தாண்டி 12, 15 என்று வந்தால் எங்கோ ஒரு மூட்டு இளகியிருக்கிறது. மெயினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள், உறை கருகியோ உருகியோ இருக்கிற இடம்தான் அது.