பஸர் அடிச்சப்புறம் விழுந்த பந்துக்கு பாயிண்ட் உண்டா?

கேள்வி: பாஸ்கெட்பால் மேட்ச்ல பஸர் (நேரம் முடிஞ்சதும் அடிக்கிற மணி) அடிச்சப்புறம் விழுந்த பந்துக்கு ஒரு நாள் பாயிண்ட் குடுக்குறாங்க, இன்னொரு நாள் செல்லாதுங்கிறாங்க. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?

பதில்: அப்படி இல்லங்க, ரெண்டுமே சரியா இருக்கலாம். பந்து எப்போ வலைக்குள்ள விழுந்துச்சுங்கிறது கணக்கே இல்ல, கையை விட்டு எப்போ போச்சுங்கிறதுதான் கணக்கு. அதனால நாம எல்லாரும் பந்து பின்னாடியே பாத்துட்டு இருப்போம், ரெஃப்ரீ ஷாட் போடுறவரோட கையையே பாத்துட்டு நிப்பாரு. நேரம் தீர்றதுக்குள்ள பந்து கையை விட்டுருச்சுன்னா அப்புறம் அது ரிங்ல பட்டு எகிறி உள்ள போனாலும் பாயிண்ட் உண்டு, ஆனா ஒரே ஒரு விரல் நுனி ஒட்டிட்டு இருந்தாக்கூட போச்சு. ரிங்ல பட்டு வர்ற பந்தை பஸருக்கு அப்புறம் இன்னொருத்தர் தட்டி உள்ள போட்டாலும் செல்லாது.

நேரம் முடிஞ்சதும் போர்டு ஓரத்துல சுத்தி சிவப்பு லைட் எரியுமே, அது அழகுக்கு வச்சது இல்ல. கூட்டம் கத்துற கத்துல பஸர் காதுல விழுறதே கஷ்டம், அதனால ஃபீபா (சர்வதேச பாஸ்கெட்பால் அமைப்பு) ரூல்ல சத்தத்தை விட லைட்டுக்குத்தான் மதிப்பு. ரீப்ளேலயும் லைட் எரியுற ஃப்ரேம்ல நிறுத்தி, விரலுக்கும் பந்துக்கும் நடுவுல இடைவெளி தெரியுதான்னு தேடுவாங்க. அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல இந்த ரீப்ளே வந்ததே 2002-03 சீசன்லதான், அதுவரைக்கும் வெறும் கண்ணுதான், நினைச்சாலே பாவமா இருக்கு.

கேள்வி: 0.2 செகண்ட் இருந்தப்போ ஒருத்தர் பாஸை பிடிச்சு போட்டாரு, உள்ள விழுந்தும் உடனே செல்லாதுன்னுட்டாங்களே?

பதில்: பாஸை பிடிச்சு ஷாட் போடணும்னா கடிகாரத்துல 0.3 செகண்டாவது இருக்கணும், அதுக்குக் கீழ பந்தை பிடிக்காம தட்டி விடத்தான் முடியும். இந்த ரூலுக்குக் காரணம் 1990 ஜனவரி 15 அன்னைக்கு என்பிஏ டீம்களான நிக்ஸுக்கும் புல்ஸுக்கும் நடந்த மேட்ச். 0.1 செகண்ட் மிச்சம் இருக்கும்போது நிக்ஸோட ட்ரென்ட் டக்கர் பந்தை பிடிச்சு, திரும்பி, மூணு பாயிண்ட் ஷாட் போட்டாரு, அதையும் குடுத்துட்டாங்க, நிக்ஸ் 109-106னு ஜெயிச்சாங்க. மனுஷனால அவ்ளோ நேரத்துல அது முடியவே முடியாது. வெளியிலேர்ந்து எறியுற பந்து கோர்ட்டுக்குள்ள இருக்கிற ஆள் மேல பட்டதும் கடிகாரம் ஓடணும், ஓட விடுறது ஒரு மனுஷ விரல், அது கொஞ்சம் லேட்டானா எல்லாமே மாறிடுது. என்னைக் கேட்டா ரெஃப்ரீ கண்ணை விட இந்த விரல்தான் பெரிய பிரச்சனை.

2004 மே 13ல ஸ்பர்ஸ் டீமுக்கு எதிரா லேக்கர்ஸ் டீமோட டெரெக் ஃபிஷர் ஷாட் போட்டது 0.4 செகண்ட் மிச்சம் இருக்கும்போது, அதனால பிடிச்சு போட ரூல்ல இடம் இருந்துச்சு. ரீப்ளே பாத்துட்டு குடுத்தாங்க, லேக்கர்ஸ் 74-73னு ஜெயிச்சாங்க. கடிகாரம் லேட்டா ஓடுச்சுன்னு ஸ்பர்ஸ் புகார் குடுத்தாங்க, என்பிஏ ஏத்துக்கல.